ஏழாம் மடையில் தண்ணீர் ஏறவில்லை

நான் பேசாமல் இருந்தது போதும். நீ பெங்களூருக்கு ரயிலேறி இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகின்றன. இத்தனை நாளில் உனக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மா எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று உன்னோடு பேசும்போது நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து ரிசீவரை நீட்டுவாள். நான் ஓடிக்கொண்டிருக்கும் மீட்டரைக் கைகாட்டுவேன், ஏதோ சிக்கனக்காரனைப்போல. அது சிக்கனம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்; உனக்கும் தெரிந்திருக்கும். இப்போது எழுதுவது உன்னோடு சமாதானம் ஆவதற்காக இல்லை. வந்தால் வரட்டும். வருகிற வெள்ளிக்கிழமை நீ ஒரு காரியம் செய்யப்போவதாக அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். அதற்குள் இது உன் கையில் கிடைத்தாக வேண்டும்.

உன் கடிதங்கள் எல்லாம் அவள் பேருக்குத்தான் வருகின்றன. அவள் அடுப்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். "நீ எதுக்கு இப்படிச் சத்தம் போட்டுப் படிக்கே?" என்று ஒருநாள் கேட்டேன். "ஒங்களுக்குத்தான் கேக்க ஆசை இல்லையே. நான் சுவத்துக்குப் படிக்கேன். அதாவது கேட்டுக்கிடட்டும்" என்றாள். படித்து முடித்ததும் கடிதத்தைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவாள். அந்த அரைமணி நேரத்தில் நான் அதை எடுத்துப் படிப்பேன். திரும்ப வைக்கும்போது எந்தப் பக்கம் மடிப்பு இருந்தது என்று பார்த்து வைப்பேன். அவள் ஒருநாளும் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. ஆக, நீ எழுதியதெல்லாம் எனக்குத் தெரியும்.

உன் குழுவைப் பற்றி நீ முதன்முதலில் எழுதியபோது நான் சிரித்தேன். ரக்பி விளையாட்டிலிருந்து எடுத்த ஏதோ ஒரு பெயரை அமெரிக்கக்காரர்கள் ஒரு வேலைமுறைக்கு வைத்திருக்கிறார்கள், ஸ்க்ரம் என்கிறார்கள், அதில் மேனேஜர் என்று ஒருவர் கிடையாது என்று எழுதியிருந்தாய். "மேனேஜர் இல்லன்னா இவனுக்கு யாரு லீவு குடுப்பா?" என்று அம்மா சுவரைப் பார்த்துக் கேட்டாள். மூன்றே பொறுப்புகள் என்று விளக்கியிருந்தாய். என்ன வேண்டும், அதில் எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சொல்கிறவர் ஒருவர். அவர் பயன்படுத்தப்போகிறவர்களின் சார்பாகப் பேசுகிறவர். அதைச் செய்துகொடுக்கிற ஏழு பேர் கொண்ட குழு இன்னொன்று. எவ்வளவு முடியும், எப்படிச் செய்வது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். மூன்றாவது ஆள் யாருக்கும் அதிகாரி இல்லை. குழுவுக்கு எதிரில் வருகிற முட்டுக்கட்டையை எடுத்துப்போடுவதும், மற்றவர்கள் வந்து குட்டையைக் குழப்பாமல் பார்த்துக்கொள்வதும்தான் அவருக்கு வேலை. ஸ்க்ரம் மாஸ்டர் என்று பெயர். போன தை மாதம் அந்தப் பொறுப்பு உனக்கு வந்தது. அம்மா பாயசம் வைத்தாள். நானும் ஒரு தம்ளர் குடித்தேன், காரணம் கேட்காமல்.

வேலையை வருஷக்கணக்கில் திட்டம் போடாமல் முப்பது முப்பது நாளாக நறுக்கிக்கொள்வோம் என்று எழுதியிருந்தாய். செய்ய வேண்டியதெல்லாம் ஒரு பட்டியலாக இருக்கும், அதற்கு பாக்லாக் என்று பெயர், அது என்றைக்கும் முடியாது, அவசியமானது மேலே ஏறிக்கொண்டே இருக்கும். முப்பது நாளின் முதல்நாள் குழு உட்கார்ந்து பட்டியலின் மேலிருந்து தன்னால் முடிந்த அளவு எடுத்துக்கொள்ளும். தினமும் காலையில் பதினைந்து நிமிஷம், எல்லோரும் நின்றுகொண்டே, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எனக்கு என்ன தடை என்று மூன்று கேள்விக்குப் பதில் சொல்வார்கள். முப்பதாம் நாள் காகிதத்தைக் காட்டக் கூடாது, ஓடுகிற பொருளைக் காட்ட வேண்டும். அப்புறம் தங்களுக்குள் உட்கார்ந்து எங்கே தவறினோம் என்று பேசிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருபத்தெட்டு வருஷம் பாசனப் பொறியாளராக இருந்தவனுக்கு உன்னைப்போன்ற பையன்கள் வேலை வாங்கச் சொல்லித்தருவதா என்று தோன்றிற்று. எங்கள் அலுவலகத்தில் பாக்லாக் என்றால் தேங்கிப்போன கோப்புகள் என்று அர்த்தம். அதை யாரும் மேலே ஏற்றுவதில்லை.

எரிச்சல் ஏன் அடங்கவில்லை என்று எனக்கே புரியப் பல நாள் ஆயிற்று. நீ சொல்கிற முறையை என்னிடம் ஒருவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். பேர் வைக்காமல் சொன்னார். சுடலைமுத்து.

உனக்கு அவரை ஞாபகம் இருக்காது. நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய், நாம் சேரன்மகாதேவியில் குடியிருந்தோம். அவர் கால்வாயில் லஸ்கர். தினமும் கரையில் நடந்து, மடைகளைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்கிற கடைநிலை ஊழியர். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். காதில் எப்போதும் ஒரு பீடி இருக்கும், என் முன்னால் அதைப் பற்றவைத்ததில்லை. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து கால்வாயை அடைத்திருந்தார்கள். அடுத்த கார் பருவச் சாகுபடிக்கு ஆனியில் தண்ணீர் விட்டாக வேண்டும். இடையில் கிடைத்த ஐம்பது நாளில் கால்வாயைத் தூர்வாரி, ஏழு மடைகளையும் இடித்துக் கட்டி, புது ஷட்டர் மாட்ட வேண்டும். பொறுப்பு என்னுடையது. என்னோடு படித்து, பரீட்சையில் என் தாளைப் பார்த்து எழுதியவன் அப்போது எனக்கு மேலதிகாரி. அவன் ஆச்சரியப்படும்படி ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாளில் ஒரு பார் சார்ட் போட்டேன். அழகான சார்ட். முதல் இருபது நாள் முழுக் கால்வாயும் தூர்வாருவது, அடுத்த இருபது நாள் ஏழு மடைக்கும் கட்டுவேலை, அதற்கப்புறம் ஏழுக்கும் ஷட்டர், கடைசி இரண்டு நாள் தண்ணீர் விட்டுப் பார்ப்பது. சிவப்பு, நீலம், பச்சை என்று கோடுகள். அதைச் சுவரில் மாட்டிவிட்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூட்டம் போட்டேன். நீங்கள் நின்றுகொண்டு பேசுவீர்கள் என்று எழுதியிருந்தாயே, என் கூட்டத்திலும் எல்லோரும் நின்றார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். "தூர் எவ்வளவு முடிஞ்சிருக்கு?" என்று கேட்பேன். "முடிஞ்சிரும் சார்" என்பார்கள். முடிந்ததா, முடியப்போகிறதா என்று நான் பிரித்துக் கேட்டதில்லை. கேட்டால் சார்ட்டில் கோடு பின்னால் போகும்.

முதல் கூட்டத்திலேயே சுடலைமுத்து வாய் திறந்தார். "சார், ஒரு யோசன. மொத்தக் காவாயையும் ஒண்ணாக் கெளறிப் போட வேண்டாம். ஒரு மடைக்கு உண்டான தூரத்த மட்டும் எடுப்போம், அந்த மடையக் கட்டுவோம், அணைக்கட்டுல ரெண்டு மணி நேரம் ஷட்டரத் தூக்கித் தண்ணி விட்டுப் பாப்போம். சரியா ஏறிச்சுன்னா அடுத்ததுக்குப் போவலாம்லா. தப்பா இருந்தா ஒரு மடையோட போவும்."

நான் பேனாவை மூடி வைத்தேன். "நீரு எங்க படிச்சேரு?" என்றேன்.

"படிக்கலய்யா" என்றார். யாரோ சிரித்தார்கள். நான் சிரித்தவனைக் கண்டிக்கவில்லை. அதற்குப் பிறகு ஐம்பது நாளில் அந்த அறையில் ஒருவனும் சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அதைக் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

உன் முறையில், எது முதலில் வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் உண்டே, அவரும் தானாகவே வந்தார். இசக்கியம்மாள் என்று ஒரு விதவை, ஏழாம் மடைக்குக் கீழே வயல் வைத்திருந்தவள். கடைமடை. தண்ணீர் எப்போதும் கடைசியாக வந்து முதலில் நின்றுபோகிற இடம். அலுவலகத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். நான் சாப்பிடக் கிளம்பும்போது எழுந்து நின்று, "ஐயா, மத்த மடையெல்லாம் எப்பவும்போல ஓடும். இந்தக் கடேசி மடைதான் எங்க உசிரு. மொதல்ல அதப் பாருங்க" என்றாள். வரிசைப்படிதான் நடக்கும், வேண்டுமானால் மனு எழுதிக்கொடு என்று சொல்லிவிட்டுப் போனேன். எதற்காக இந்தக் கால்வாய் வெட்டியிருக்கிறது என்று தெரிந்த ஒருத்தி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே மின்விசிறிக்கு அடியில் நான் வரிசை போட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தூர்வாரினால் கால்வாயின் தரை இறங்கும், தரை இறங்கினால் தண்ணீர் மட்டமும் இறங்கும். மடையின் அடிமட்டத்தையும் அதற்கேற்ப இறக்கிக் கட்ட வேண்டும். இது கல்லூரியில் இரண்டாம் வருஷப் பாடம். ஆனால் நான் தூர்வேலையை ஒரு தாளிலும் மடைவேலையை இன்னொரு தாளிலும் போட்டிருந்தேன். பழைய வரைபடத்திலிருந்த மட்டத்தையே மடைக்கு எடுத்து எழுதினேன். முதல் ஆறு மடைகளில் தூர் ஆழம் குறைவு என்பதால் எப்படியோ சமாளித்துக்கொண்டது. ஏழாவதில் கட்டுவேலை முடிகிற சமயம் சுடலைமுத்து வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு, "சார், ஏழாம் மடை ஒரு சாண் ஒசந்து நிக்கி. தண்ணி எட்டாது. சிமெண்டு காயுறதுக்குள்ள ஒரு எட்டு வந்து பாத்திருங்க" என்றார். டிராயிங்படிதான் இருக்கிறது என்றேன். "தண்ணிக்கு டிராயிங்கு படிக்கத் தெரியாதுல்லா சார்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கவலையோடு சொன்னார். நான் கிண்டலாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் முதல் அவரைக் கால்வாயின் மறுகோடிக்கு, தலைமதகு வேலைக்கு மாற்றினேன். தண்ணீர் விட்டுப் பார்க்க ஒதுக்கியிருந்த கடைசி இரண்டு நாளையும் ஷட்டர் வேலை தின்றுவிட்டது. நேராகத் திறப்புவிழாவுக்குத்தான் தண்ணீர் விட்டோம். மாலை, பன்னீர் எல்லாம் இருந்தது.

ஏழாம் மடையில் தண்ணீர் ஏறவில்லை. கால்வாயில் தளும்பத் தளும்பப் போகிறது, மடை வாய் வறண்டு கிடக்கிறது. பதினோரு நாளில் இசக்கியம்மாளின் நாற்றங்கால் வெள்ளையாகக் காய்ந்தது. இன்னும் இருபது குடும்பங்களுடையதும். நான் போய் நின்றபோது கரையில் கூட்டமாக இருந்தார்கள். "ஏன்வே, மேட்டுல தண்ணி ஏறும்னு ஒமக்கு எந்தக் காலேஜுல சொல்லிக்குடுத்தான்?" என்று ஒருவர் கேட்டார். இசக்கியம்மாள் முன்னால் வந்தாள். கையிலிருந்த நாற்றைக் காட்டினாள், பிறகு கீழே போட்டாள். அடுத்த நாள் காலை அவர்களே மண்வெட்டியோடு வந்து கரையை வெட்டித் தண்ணீர் கொண்டுபோனார்கள். கரை உடைந்து ரோடு முங்கியது. விசாரணை வந்தது.

நான் மூன்று பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினேன். என் ஆங்கிலம் நன்றாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். அதில் ஒரு பொய்கூட இல்லை. கரை வெட்டப்பட்ட நேரத்தில் சம்பந்தப்பட்ட லஸ்கர் அந்த இடத்தில் இல்லை என்று எழுதினேன், உண்மை. அவரைத் தலைமதகுக்கு அனுப்பியவன் நான் என்று எழுதவில்லை. மட்ட வித்தியாசத்தை அவர் எழுத்துமூலம் தெரிவிக்கவில்லை என்று எழுதினேன், அதுவும் உண்மை. அவருக்கு எழுதத் தெரியாது. சஸ்பெண்ட் செய்தார்கள், பிறகு மணிமுத்தாறு அணைக்கு மாற்றினார்கள். பிறந்ததிலிருந்து நடந்த கரையை விட்டு, ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பதவி உயர்வு மட்டும் வரவில்லை. அதற்காக இத்தனை வருஷம் மேலதிகாரியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருமுறை அவரைப் பாபநாசம் பஸ்ஸில் பார்த்தேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரே எழுந்து வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "சார், சௌக்கியமா இருக்கியளா? ஏழாம் மடைய எறக்கிக் கட்டிட்டியளா? தண்ணி ஏறுதா?" என்று கேட்டார். தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான், "கட்டியாச்சு, நல்லா ஏறுது" என்றேன். கட்டவில்லை. அதைச் சரிசெய்யும் கோப்பு அப்போதும் தேங்கித்தான் கிடந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். அது நான் இறங்க வேண்டிய ஊர் இல்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை என்று போன வருஷம் கேள்விப்பட்டேன்.

இதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்று கேட்பாய். உன் கடைசிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதை மட்டும் நான் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் திரும்ப வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலையைக் கொடுத்த அமெரிக்கக்காரர்கள் வந்து பார்க்கப்போகிறார்கள், ஒப்புக்கொண்ட நாலு வேலைகளில் ஒன்று தயாராகவில்லை, அதற்கு முரளிதான் காரணம், அதை அவர்கள் முன்னாலேயே சொல்லி அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிடச் சொல்லப்போகிறேன், அவன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்பதால் சுலபமாக முடிந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் 'சுலபமாக' என்ற வார்த்தையை எங்கிருந்து கற்றாய் என்று எனக்குத் தெரியும்.

அதில் எழுதியதை நினைத்துப் பார். நீயே எழுதியிருக்கிறாய்: "தினமும் காலையில் டெஸ்ட் மெஷின் கிடைக்கவில்லை, மெஷின் கிடைக்கவில்லை என்று முரளி அதே பல்லவி." ஒன்பது நாள் என்று கணக்கும் சொல்லியிருக்கிறாய். அது பல்லவி இல்லை. உன் மூன்றாவது கேள்விக்கு அவன் சொன்ன பதில். ஒன்பது நாள் காலையிலும் அவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருக்கிறான். அந்த மெஷினை வாங்கிக்கொடுப்பது யார் வேலை? குழுவில் அதிகாரி இல்லை, தடையை எடுக்கிறவன் உண்டு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீதான். இன்னொன்றும் இருக்கிறது. முரளி பதினைந்து நாள் ஆகும் என்றான், நான் ஆறு நாள் என்று போட்டேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். எவ்வளவு நாள் என்று சொல்ல வேண்டியது செய்கிறவர்கள். நீ உட்கார்ந்திருந்த நாற்காலி என்னுடையது. உங்கள் ஆபீசில் எல்லோரும் நிற்பதால் மட்டும் அது இல்லாமல் போய்விடாது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. நீ சிவில் எடுக்காததும், அரசு வேலைப் பரீட்சை எழுத மாட்டேன் என்றதும் இன்னும் ஆறவில்லை. கம்ப்யூட்டர் ஆசையை உனக்கு ஊட்டிய உன் மாமாவை நான் மன்னிக்கவில்லை. இந்தக் கடிதத்தாலும் அது மாறாது. ஆனால் உனக்கும் நான் ஒரு பார் சார்ட் போட்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்துமூன்றில் பரீட்சை, இருபத்தைந்தில் அரசு வேலை, இருபத்தெட்டில் கல்யாணம். பீரோவில் நிஜமாகவே ஒரு தாளில் இருந்தது. உன் மூன்று வருஷக் கல்லூரியில் ஒருநாள்கூட உன்னிடம், உனக்கு என்ன தடை என்று நான் கேட்டதில்லை. நீ சொன்னபோதும் நான் பேனாவை மூடித்தான் வைத்தேன். நீ ரயிலேறிய அன்று ஸ்டேஷனுக்கு வராமல் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன செய்தி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திங்கட்கிழமையே முரளியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிரு, அதுதான் கஷ்டம். மெஷினுக்கு யார் கையைப் பிடிக்க வேண்டுமோ பிடி. வெள்ளிக்கிழமை, நாலில் மூன்றுதான் ஓடுகிறது, நாலாவது ஏன் ஓடவில்லை என்றால் நான் ஒன்பது நாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அவர்கள் முன்னால் சொல். உனக்கு ஏதாவது கெட்டது நடக்கலாம். நடக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தாமதமாக முடிகிற வேலையை அடுத்த முப்பது நாளில் முடித்துவிடலாம். ஓர் ஆளுக்குச் செய்த அநியாயத்தை அப்படி முடித்துவிட முடியாது. பாபநாசம் பஸ்ஸில் எனக்கு எழுந்து நிற்க வாய்ப்பு இருந்தது. நான் இறங்கிப் போனேன்.

ஒருவேளை முரளி உண்மையிலேயே சோம்பேறியாக இருக்கலாம். நான் அவனைப் பார்த்ததில்லை. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் எழுது, அம்மாவுக்கே எழுது, சுவருக்குக் கேட்கும்.

இன்று சனிக்கிழமை. ஹெட் போஸ்ட் ஆபீசில் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தால் ஸ்பீட் போஸ்ட் திங்கள் காலை சேர்ந்துவிடும் என்கிறார்கள். அம்மா பக்கத்தில் வந்து நின்று கடைசித் தாளை எட்டிப் பார்த்தாள். "கையெழுத்துப் போடலியா?" என்றாள். பேனாவை எடுத்தேன். அப்பா என்று போட்டால் நீ அதை உத்தரவாகத்தான் படிப்பாய், அதற்கு எதிராகச் செய்தாக வேண்டும் என்று உனக்குத் தோன்றும், அதில் அகப்பட்டுக்கொள்வது முரளி. பெயரைப் போட்டால் பின்னால் பட்டமும் பதவியும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்; இருபத்தெட்டு வருஷப் பழக்கம். யார் எழுதியது என்று உனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும், அது போதும். நீ மறுத்துப் பேசும்படியாக ஒரு காகிதமாவது என்னிடமிருந்து உனக்கு வரட்டும். கையெழுத்து இல்லாமலே உறையை ஒட்டப்போகிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.